மணி பிளாண்ட் தொட்டியில் தானாக முளைத்த செடி: பிடுங்கலாமா, கூடாதா?

மாடிவீட்டு மல்லி (ஞாயிறு, காலை)

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் இரண்டாம் மாடி வாடகை வீடு. சமையலறை ஜன்னலோரம் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேன். அதில் நான் வைக்காத ஒரு செடி வந்திருக்கிறது. மணி பிளாண்ட் இலைகளுக்குள் மறைந்திருந்ததால் கண்ணில் படவில்லை. போன வாரம் தொட்டியைத் திருப்பி வைக்கும்போது பார்த்தால், ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது.

ஒற்றைத் தண்டு, கிளை கிடையாது. பேனா ரீஃபிளைவிடக் கொஞ்சம் தடிமன். மொத்தம் ஐந்து இலை. கீழே உள்ள இரண்டும் கிட்டத்தட்ட எதிரெதிராக, மாவிலையைக் குட்டையாக்கினது போல இருக்கின்றன. மேலே உள்ள மூன்றும் மாறி மாறி. மூன்றாவது இலையில் ஒரு பக்கம் மட்டும் கத்தரியால் வெட்டினது போல உள்வாங்கியிருக்கிறது. பூச்சி கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் நான்காவது இலை மூன்று பிரிவாகவே விரிந்திருக்கிறது. ஐந்தாவது இன்னும் சின்னது, அதுவும் அப்படித்தான் வரும் போலத் தெரிகிறது. மேல்பக்கம் பளபளப்பு, அடிப்பக்கம் தடவினால் சொரசொரப்பு.

கைபேசியில் செடி பெயர் சொல்லும் செயலி ஒன்று இருக்கிறதே, அதில் மூன்று தடவை படம் எடுத்தேன். முதல் தடவை ரப்பர் செடி என்றது. இரண்டாவது தடவை பருத்தி. மூன்றாவது தடவை அத்தி. ஒரே செடி, ஒரே காலை!

அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் என் மாமியார். அது அரசோ ஆலோ என்றால் பிடுங்குவது பாவம், வீட்டில் வளர்ப்பதும் ஆகாது, கோயிலில் கொண்டுபோய் வைக்க வேண்டும் என்கிறார். வெறும் களை என்றால் இன்றைக்கே பிடுங்கி எறி என்கிறார். எது என்று தெரிந்தால்தான் வீட்டில் அமைதி. படம் இணைத்திருக்கிறேன், ஜன்னல் வெளிச்சத்தில் கொஞ்சம் மங்கல்தான்.

கீரைக்கட்டு

ஆமணக்கு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

வேலிப்பருத்தி

கண்ணைத் திறந்து பாருங்கள் கீரைக்கட்டு. ஆமணக்கு இலையில் காம்பு இலையின் ஓரத்தில் சேராது, கொஞ்சம் உள்ளே தள்ளி, குடைக்குக் கம்பி போலச் சேரும். படத்தில் காம்பு அடியில்தான் சேர்ந்திருக்கிறது. ஆமணக்கு இலைக்கு ஓரத்தில் பல்லும் இருக்கும். இது வழவழ ஓரம்.

பருத்தி என்றும் தோன்றவில்லை. பருத்திக்கு முதலில் சிறுநீரக வடிவத்தில் இரண்டு விதையிலை வரும், அதற்கப்புறம்தான் நிஜ இலை.

கீரைக்கட்டு

அப்படியென்றால் காட்டாமணக்கு.

நாஞ்சில் தோட்டக்காரன்

மல்லி அக்கா, மங்கல் படத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஆளுக்கொரு பெயர் சொல்வதைவிட, நீங்கள் செடிப் பக்கத்தில் உட்கார்ந்து நாலு விஷயம் பார்த்துச் சொன்னால் சீக்கிரம் முடியும். குட்டிச் செடியில் இலையின் வடிவத்தை நம்பவே கூடாது. வளர வளர மாறும். மணி பிளாண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் உள்ளங்கை அளவு இலைதான். அதையே ஒரு தென்னையில் ஏற்றிவிட்டால் இலை முறம் அளவுக்கு வந்து ஓரமெல்லாம் கிழிந்து தொங்கும். பார்ப்பவர்கள் வேறு ஏதோ செடி என்பார்கள்.

பார்க்க வேண்டியது:

இலை நரம்பு எப்படி ஓடுகிறது? காம்பு சேரும் ஒரே புள்ளியிலிருந்து விரல்கள் போலப் பிரிகிறதா, நடுவில் ஒரு தண்டு நரம்பு ஓடி அதிலிருந்து இரண்டு பக்கமும் கிளை பிரிகிறதா?

இலைக் காம்பை நகத்தால் லேசாகக் கீறினால் என்ன வருகிறது? தண்ணீரா, பாலா, ஒன்றுமே இல்லையா?

நுனி மொட்டு எப்படி இருக்கிறது? உறை போட்டது போலவா, திறந்தபடியா?

தண்டில் ஒவ்வொரு இலை முளைத்த இடத்திலும் மோதிரம் போட்டது போல வளையத் தழும்பு இருக்கிறதா?

கீறிவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், கண்ணைத் தேய்க்காதீர்கள். பால் வரும் செடிகளில் எருக்கும் உண்டு, கள்ளியும் உண்டு. கண்ணில் பட்டால் வினை.

மாடிவீட்டு மல்லி (ஞாயிறு, மாலை)

பார்த்துவிட்டேன் தம்பி. நடுவில் ஒரு நரம்பு, அதிலிருந்துதான் இரண்டு பக்கமும் பிரிகிறது. மூன்று பிரிவு இலையிலும் அப்படித்தான்.

காம்பைக் கீறியதும் வெள்ளையாகப் பால் வந்தது. கெட்டியான பால். விரலில் பட்டது பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டு, சோப்புக்கே போகவில்லை. கடைசியில் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்தேன்.

நுனியில் பச்சை உறை ஒன்று கூம்பாக மூடியிருக்கிறது. ஒரு பழைய உறை காய்ந்து மண்ணில் விழுந்து கிடந்தது. வளையம் இருக்கிறது! நான் கவனித்ததே இல்லை. மேலே மூன்று கணுவிலும் மெல்லிசாக, தண்டைச் சுற்றி முழு வட்டமாக.

மாமியார் பால் என்று கேட்டதும் "பார்த்தாயா, ஆலமரம்தான்" என்று எழுந்து போய் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டார்.

சித்திரை வெயில்

பால் வருகிறது, இலை பிரிந்திருக்கிறது, சமையலறைத் தொட்டி. பப்பாளி தவிர வேறென்ன? வீட்டுக் குப்பையை உரமாகப் போட்டால் முதலில் முளைப்பது தக்காளி, அடுத்தது பப்பாளி.

வேலிப்பருத்தி

பப்பாளிக்கு நரம்பு ஒரே புள்ளியிலிருந்து விரல் விரலாகப் பிரியும். அக்கா நடுநரம்பு என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். காம்பும் பப்பாளியில் நீளமாக, உள்ளே குழலாக இருக்கும். அந்தப் பால் இப்படிப் பசையாக ஒட்டாது. காட்டாமணக்கும் இதே காரணத்தால் அடிபட்டுப் போகிறது.

ஓய்வுபெற்ற உழவன்

நாஞ்சில் தம்பி சரியான கேள்விகளைக் கேட்டிருக்கிறார். முப்பது வருஷம் நாற்றங்காலில் நின்றவன் என்ற முறையில் நானும் கொஞ்சம் சொல்கிறேன்.

கெட்டிப் பால், நுனியில் உறை, உறை விழுந்த இடத்தில் தண்டைச் சுற்றி முழு வளையம். இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் ஆல், அரசு, அத்தி, பலா இருக்கும் குடும்பம். மல்பெரியும் இதே குடும்பம்தான், ஆனால் அதில் இப்படி முழு வளையம் விழாது. ஆகவே அம்மா மாமியார் சொன்னது வீணில்லை. ரப்பர் செடி என்று செயலி சொன்னதும் இதே குடும்பத்துக்குள்தான்.

ஆனால் ஆலும் அரசும் இல்லை. காரணம் இலை அல்ல, தண்டு. ஆலம்பழத்தைப் பிய்த்துப் பார்த்திருப்பீர்கள், உள்ளே விதை கடுகில் பாதிகூட இருக்காது. அதிலிருந்து வரும் நாற்று முதல் சில மாதம் குண்டூசித் தலை, அப்புறம் பட்டாணி என்று இலைவிட்டுக் கண்ணுக்கே தெரியாமல் கிடக்கும். சுவர் வெடிப்பில் முளைத்ததை நாம் பார்ப்பது அது வருஷக்கணக்கில் உள்ளே வேர் ஓட்டிய பிறகு. உங்கள் செடி எடுத்த எடுப்பிலேயே ரீஃபிள் தடிமனில், மாவிலை போன்ற இலையோடு நிற்கிறது. அவ்வளவு சத்தும் எங்கிருந்து வந்தது? ஒரு பெரிய கொட்டையிலிருந்து. விதையிலை மேலே காணவில்லை என்பதையும் கவனியுங்கள். புளி, அவரை எல்லாம் பருப்பைத் தூக்கிக்கொண்டு மேலே வரும். மாங்கொட்டை போன்றவை பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துக்கொண்டு குருத்தை மட்டும் அனுப்பும்.

அந்தக் குடும்பத்தில் பெரிய கொட்டை உள்ளது எது? உங்கள் வீட்டில் இந்தச் சீசனில் பலாப்பழம் வாங்கினீர்களா?

மாடிவீட்டு மல்லி

ஐயா, மன்னிக்க வேண்டும். பலா இலை எனக்குத் தெரியாதா? நான் பிறந்தது பண்ருட்டிப் பக்கம். பலா இலை ஒடித்து ஆட்டுக்குப் போட்டு வளர்ந்தவள். முட்டை வடிவத்தில் முழு இலை, தடிமனாக இருக்கும். அதில் வெட்டு எங்கே வந்தது? மூன்று பிரிவு பலா இலையை என் வாழ்நாளில் பார்த்ததில்லை.

நாஞ்சில் தோட்டக்காரன்

அக்கா, அதைத்தான் முதலிலேயே சொன்னேன்! ஐயா முந்திக்கொண்டார். நீங்கள் பார்த்ததெல்லாம் காய்க்கிற மரத்தின் இலை. குட்டிப் பலாவுக்கும், சில சமயம் வெட்டிய மரத்தில் புதிதாகத் துளிர்க்கும் கிளைக்கும் இப்படிப் பிரிந்த இலை வரும். எல்லா இலையும் அப்படி வராது. ஒன்று முழுசாக, ஒன்று ஒருபக்க வெட்டோடு, ஒன்று மூன்றாக, கலந்து கட்டி வரும். மரம் வளர்ந்ததும் அந்தக் குணம் போய்விடும். பலாவின் தாவரவியல் பெயரே ஆர்டோகார்பஸ் ஹெட்டிரோபில்லஸ். இரண்டாவது சொல்லுக்கு 'வெவ்வேறு இலை கொண்டது' என்று பொருள்.

இதில் ஒரே ஒரு சந்தேகம் எனக்கு இருந்தது. எங்கள் பக்கம் அயினி என்று ஒரு மரம் உண்டு, பலாவுக்குப் பங்காளி. அதன் கன்றுக்கும் இலை பிரிந்துதான் வரும், இன்னும் ஆழமாக, பெரிதாக. சொரசொரப்பு என்று நீங்கள் எழுதியதும் அதுவோ என்று நினைத்தேன். ஆனால் அயினிக்கன்றில் தண்டு, இலை எல்லாம் முடி முடியாக இருக்கும், தொட்டாலே தெரியும். அதோடு அயினிச்சக்கை கோவைச் சந்தையில் எங்கே கிடைக்கப் போகிறது.

தீவுக்கரை

நான் யாழ்ப்பாணம். எங்கள் பக்கம் ஈரப்பலா என்று ஒன்று இருக்கிறது, காயைக் கறி வைப்போம், பொரிப்போம். அதன் இலை எப்போதும் விரல் விரலாகத்தான் பிரிந்திருக்கும். படத்தைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. அதுவாக இருக்காதா?

ஓய்வுபெற்ற உழவன்

நல்ல கேள்வி. நீங்கள் ஈரப்பலா என்பதை இங்கே கறிப்பலா, சீமைப்பலா என்பார்கள். அதே இனம்தான். ஆனால் நாம் கறிக்கு வாங்கும் வகையில் பொதுவாகக் கொட்டையே இருக்காது. வேரிலிருந்து வெடிக்கும் கன்றைப் பிரித்துத்தான் நடுவார்கள். தானாக ஒரு தொட்டியில் முளைக்க வழியில்லை.

தீவுக்கரை

உண்மைதான் ஐயா. எங்கள் வளவில் நிற்பதும் பெரியம்மா வீட்டு வேர்க்கன்று.

கீரைக்கட்டு

எல்லாம் சரி, பலாக்கொட்டை பறந்து வந்து மணி பிளாண்ட் தொட்டிக்குள் விழுந்ததா? இரண்டாம் மாடி, ஜன்னலுக்கு உள்ளே. காக்காய் தூக்கிக்கொண்டு வர அது என்ன வேப்பம்பழமா?

சித்திரை வெயில்

இதற்குக் கீரைக்கட்டுக்கு ஒரு ஓட்டு.

நாஞ்சில் தோட்டக்காரன்

தோண்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். அக்கா, பிடுங்காமல், தண்டை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் ஐஸ்கிரீம் குச்சியால் மண்ணை ஒதுக்குங்கள். இரண்டு விரல் ஆழம் போதும். பலாவாக இருந்தால் கொட்டை இன்னும் தண்டோடு ஒட்டிக்கொண்டிருக்கும்.

மாடிவீட்டு மல்லி (திங்கள், இரவு)

முழுக் கதையையும் சொல்கிறேன்.

குச்சி வேண்டாமென்று ஸ்பூன் காம்பை எடுத்தேன். மண் கொஞ்சம் இறுகியிருந்ததால் தண்ணீர் தெளித்து ஐந்து நிமிடம் விட்டேன். அப்புறம் மெதுவாக ஒதுக்கினால், முதலில் மணி பிளாண்ட் வேர்தான் வந்தது, நூடுல்ஸ் மாதிரி. அதை விலக்கினால் அடியில் பழுப்பாக ஒன்று தெரிந்தது. மேல்தோல் காகிதம் போல உரிந்து, கொட்டை இரண்டாகப் பிளந்து, நடுவிலிருந்து தண்டு மேலே போயிருக்கிறது. பாதி சுருங்கிப் போயிருந்தாலும் பலாக்கொட்டை பலாக்கொட்டைதான். பண்ருட்டிக்காரி நான் அதில் ஏமாற மாட்டேன்.

பக்கத்திலேயே இன்னும் இரண்டு கொட்டை இருந்தது, இரண்டும் அழுகிப் போயிருந்தது.

மூன்று கொட்டை, ஒரே ஆழத்தில், வரிசையாக. காக்காய் வேலை இல்லை என்று அப்போதே புரிந்துவிட்டது. ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகனைக் கூப்பிட்டேன். மூன்றாம் வகுப்பு. தொட்டியைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. ஜூன் கடைசியில் என் அண்ணன் ஊரிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்திருந்தான். கொட்டையைக் கழுவி, சாம்பாருக்கு என்று மாமியார் தட்டில் காய வைத்திருந்தார். அதில் மூன்றை எடுத்து நட்டிருக்கிறான். தினமும் பார்த்தானாம், ஒரு மாதம் ஒன்றும் வரவில்லையாம், மறந்துவிட்டானாம்.

"ஏன்டா சொல்லவில்லை?" என்றால், "பாட்டி கொட்டையை எண்ணி வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்" என்கிறான்.

மாமியார் ஒன்றும் திட்டவில்லை. பஞ்சாங்கத்தை மூடிவிட்டார். "பலா முளைப்பது நல்லதுதான்" என்று மட்டும் சொன்னார். நேற்றுவரை களையாக இருந்தது அது!

கேள்வி இரண்டு. முதலாவது, ஒரு மாதம் முளைக்காமல் இருப்பது சகஜமா? இரண்டாவது, இனி இதை என்ன செய்வது? வாடகை வீட்டு ஜன்னலில் பலாமரம் வளர்க்க முடியாது.

ஓய்வுபெற்ற உழவன்

சகஜம்தான் அம்மா. மூன்று வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை ஆகும். பையன் செய்த ஒரு நல்ல காரியம், கொட்டை முழுக்கக் காய்வதற்குள் நட்டது. பலாக்கொட்டையை நெல், கம்பு போலக் காய வைத்துச் சேமிக்க முடியாது. காய்ந்தால் உயிர் போய்விடும். நானே ஒரு முறை, நன்றாகக் காயட்டும் என்று வெயிலில் போட்டு ஒரு கூடை விதையைக் கெடுத்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. மேலதிகாரி திட்டியது இன்னும் காதில் இருக்கிறது.

இடம் மாற்றுவது பற்றி. பலாவுக்கு ஆணிவேர் சீக்கிரம் ஆழமாக இறங்கும், அது ஒடிந்தால் கன்று பெரும்பாலும் பிழைக்காது. தொட்டியின் அடியை இப்போதே தொட்டிருக்கலாம். ஆகவே பலாவைப் பிடுங்கி வேறு தொட்டியில் வைக்காதீர்கள்.

நாஞ்சில் தோட்டக்காரன்

ஐயா சொன்னதைத் தலைகீழாகச் செய்யுங்கள் அக்கா. வெளியேற வேண்டியது மணி பிளாண்ட். அதற்குச் சாவே கிடையாது. கொடியைக் கணுவுக்குக் கீழே வெட்டி ஒரு பாட்டில் தண்ணீரில் போட்டால் இரண்டு மூன்று வாரத்தில் வேர்விடும். மண்ணுக்குள் இருக்கும் அதன் வேரைத் தோண்டாதீர்கள், அப்படியே கிடந்து மக்கட்டும். தொட்டி பலாவுக்கு. சமையலறையிலிருந்து நல்ல வெளிச்சத்துக்கு மாற்றுங்கள், ஆனால் ஒரே நாளில் உச்சி வெயிலில் வைத்துவிடாதீர்கள், இலை கருகும். முதல் வாரம் காலை வெயில் மட்டும்.

ஐப்பசி மழை பிடித்ததும் தொட்டியோடு ஊருக்குக் கொண்டுபோய், தொட்டியைப் பிளேடால் கீறிப் பிரித்து, மண்கட்டி உடையாமல் குழியில் இறக்குங்கள். இரண்டரை, மூன்றடிக் குழி. தண்ணீர் தேங்காத இடம். பலா வெள்ளத்தைத் தாங்காது.

வேலிப்பருத்தி

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் ஏமாற்றம் வேண்டாம். விதைக்கன்று தாய் மரத்தின் ருசியைக் கொடுக்கும் என்று உறுதி கிடையாது. பூந்தூள் எந்த மரத்திலிருந்து வந்ததோ. காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகலாம். அதற்காகத்தான் எல்லோரும் ஒட்டுக்கன்று வாங்குகிறார்கள்.

மாடிவீட்டு மல்லி

இப்போதுதான் புரிகிறது, ஏன் நான் இந்த இலையைப் பார்த்ததில்லை என்று. எங்கள் வீட்டில் அப்பா காலத்திலிருந்தே மரங்கள் பெரிய மரங்கள். புதிதாக வைத்தது எல்லாம் ஒட்டுக்கன்று. மரத்தடியில் விழுந்து முளைப்பதை ஆடு விட்டுவைக்காது, ஆடு தப்பினால் மாடு.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "கொல்லன் தெருவில் ஊசி விற்க வருகிறாயா, பண்ருட்டிக்குப் பலாக்கன்று கொண்டு வருகிறாயே" என்று சிரித்தான். மருமகன் நட்டது என்று சொன்னதும் குரல் மாறிவிட்டது. கிணற்றுமேட்டுக்குப் பக்கத்தில் இடம் ஒதுக்குகிறானாம், ஆடு வாய் வைக்காமல் முள் வேலி போட்டுத் தருகிறானாம். ருசி எப்படி இருந்தாலும் சரி என்றான். காய் வந்தால் காய்க்குழம்பு, வராவிட்டால் மரம் இருக்கிறது, வீணை செய்பவர்கள் கேட்பார்கள் என்றான். அவனுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு கணக்கு உண்டு.

தீபாவளிக்கு ரயிலில் போகிறோம். தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வருவதாக மகன் சொல்கிறான். சேலம் வரைக்கும் தாங்குவான், அதற்கப்புறம் என் மடிக்கு வரும்.

ஆறாவது இலை இன்று காலை உறையைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. இதில் இரண்டு பக்கமும் வெட்டு.

கீரைக்கட்டு

சரி, ஆமணக்கு இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அந்த வெட்டின மணி பிளாண்டில் ஒரு துண்டு கிடைக்குமா அக்கா? நானும் கோவைதான்.

மாடிவீட்டு மல்லி

ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஐந்து கொடி போட்டு வைத்திருக்கிறேன். வேர்விட்டதும் தனிச்செய்தி அனுப்புகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அதிலாவது என்ன செடி என்று சந்தேகம் வராது.